எங்கள் வளவின் சமஷ்டி யாப்பு

இருபது வயதில் ஒருவனுக்கு மீசையும் அரசியலும் ஒன்றாக முளைத்தால் அவனை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. என்னை வைத்திருந்தார்கள். அதனால் வீடும் காணியுமாக எங்கள் வளவு கொஞ்சக் காலம் சமஷ்டி நாடாக இருந்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. வவுனியா பஸ்ஸில் ஏறினாலும் சமஷ்டி, தேத்தண்ணிக் கடையில் குந்தினாலும் சமஷ்டி: பிரிந்துபோகாமலே அதிகாரத்தைப் பங்கு பிரித்து ஆளும் கூட்டாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பூவரசங்குளத்துப் பக்கம் குடியேற்றத்தில் வயல் எடுத்த எங்கள் தகப்பனார் அப்போதுதான் காலமாகியிருந்தார். அரசாங்கம் கொடுத்த காணியைத் துண்டாடக் கூடாது என்பது சட்டம். கல்யாணமான அண்ணன்மார் இருவருக்கோ ஒரே உலையில் சோறு வேகாது. பிரியவும் வழியில்லை, சேர்ந்திருக்கவும் முடியவில்லை. இந்த நோய்க்கு உலகத்தில் ஒரே மருந்துதான் உண்டென்று எனக்குத் தெரிந்திருந்தது. (வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை. உத்தியோகமும் இல்லை.)

ஒரு கிழமை கதிரையை விட்டு எழும்பாமல் வளவுக்கு ஓர் அரசியல் யாப்பு எழுதினேன். அண்ணன்மார் குடும்பம் இரண்டும் இரண்டு அலகுகள், பொதுவானது மத்தி. எருதுகள், கிணறு, நெற்கொட்டில், பலாமரம் மத்தியின் பட்டியலில். குசினி, கோழி, தோட்டம் அலகுகளின் பட்டியலில். எருதுகளை முதலில் கட்டும் முறை போகத்துக்குப் போகம் மாறும், முதல் முறை சின்னண்ணனுக்கு. இரண்டு பட்டியலிலும் சொல்லப்படாதவை மத்தியைச் சேரும். எதை மாற்றுவதானாலும் அண்ணன்மார் இருவரும் கையெழுத்திட வேண்டும். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது நான். நீதவானுக்குக் காலைச் சாப்பாடு பெரியண்ணன் அலகில், இரவுச் சாப்பாடு சின்னண்ணன் அலகில் என்று தனிப்பிரிவே போட்டிருந்தேன். என் வயிறு விஷயத்தில் அந்த யாப்பில் ஓர் ஓட்டை கிடையாது.

பகிடிக்குச் சொல்லவில்லை, முதலில் அது நன்றாகவே வேலை செய்தது. அதுவரை மூத்தவர் என்ற உரிமையில் பெரியண்ணன்தான் எருதுகளை முதலில் கட்டுவார். சின்னண்ணன் வயல் எப்போதும் பிந்தித்தான் விதைபடும். அந்த மாரிக் காலபோக விதைப்பில் சின்னண்ணன் யாப்பைக் காட்டினார். பெரியண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கயிற்றைக் கொடுத்தார். பெரிய கை சின்னக் கைக்கு விட்டுக்கொடுத்ததை எங்கள் வீட்டில் அன்றுதான் கண்டேன். வாயால் சொன்னதை மறுநாள் மறுக்கலாம், எழுதியதை மறுக்க முடியாது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேன். பெரியண்ணன் கோழி சின்னண்ணன் அலகில் முட்டையிட்ட வழக்கையும் நியாயமாகவே தீர்த்தேன். (முட்டையை நீதவான் சாப்பிட்டார்.)

பிறகு அம்மாவின் வழக்கு வந்தது. முன்பு ஒரே குசினி, அதில் அம்மாதான் சமைத்தார். யாப்பு வந்ததும் குசினி இரண்டாகி, அம்மாவின் வேலை போய்விட்டது. பழக்கத்தில் பெரியண்ணன் பக்கமே சாப்பிட்டு வந்தார். ஒருநாள் பெரியண்ணன் மனைவி, எங்கள் பெரிய மச்சாள், மாமி பொதுவானவதானே, இரண்டு பக்கமும் அரிசி போட வேண்டாமா என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. சின்ன மச்சாளோ, பொதுவானதற்குப் பொதுவிலிருந்துதான் வரவேண்டும், அப்படித்தானே எழுதியிருக்கிறது என்றார். இருவரும் என்னிடம் வந்தார்கள்.

நான் யாப்பைப் புரட்டிப் பார்த்தேன். எருது இருந்தது, பலாமரம் இருந்தது. அம்மா எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் நீதவான் தடுமாறலாமோ? தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லப்படாதவை மத்தியைச் சேரும், ஆகவே அம்மா மத்திக்குரியவர் என்று தீர்ப்பளித்தேன்.

அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"மத்திக்கு அடுப்பு இருக்கோ தம்பி?"

இல்லை. எருதும் கிணறும் பலாவும் இருந்தன, அடுப்பு இல்லை.

உடனே திருத்தம் கொண்டுவர ஓடினேன். பெரியண்ணன் மறுக்கவில்லை. "திருத்திறதெண்டால் மாட்டு முறையையும் சேத்துத் திருத்துவம்" என்றார். சின்னண்ணனுக்கு முகம் கறுத்தது. "அப்ப ஒண்டையும் திருத்த வேண்டாம்" என்றார். அம்மாவுக்குச் சோறு போடமாட்டேன் என்று இருவருமே சொல்லவில்லை. ஒருவர் இழந்ததை மீட்கப் பார்த்தார், மற்றவர் கிடைத்ததை இழக்கப் பயந்தார். இரண்டே அலகுள்ள நாட்டில் நடுவில் நின்று சொல்ல மூன்றாவது அலகும் இல்லை. நான் கட்டிய பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு.

மறுநாள் அம்மா கிணற்றடியில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார். மச்சாள்மார் வெட்கப்பட்டுக் கறியும் சோறும் கொண்டு ஓடினார்கள். "சட்டத்தில இல்லைப் பிள்ளையள், கொண்டு போங்கோ" என்று அம்மா சாந்தமாகச் சொன்னார். அன்றும் நான் இரண்டு அலகிலும் சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் அம்மா வடக்கே பளையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவிடம் போகப் புறப்பட்டார். வவுனியா ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். யாப்பைக் கிழித்துவிடுகிறேன், போகாதேங்கோ என்று கெஞ்சினேன். "கிழிக்காதை. சின்னவன் இந்த முறைதான் நேரத்துக்கு விதைச்சவன்" என்றார். ரயில் வந்தது. அறுவடைக்கு வருவதாகச் சொன்னார். அறுவடைக்கு முன்பே பளையில் காய்ச்சலில் போய்விட்டார். செத்தவீட்டில் அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழுவதற்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் கல்யாணப் பந்தி போடுமுன் யாராவது ஒரு குறும்பன், "பட்டியலில இல்லாத ஆக்கள் முதல்ல வாங்கோ" என்று குரல் கொடுப்பான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூலைகளில் ஒதுங்கியிருக்கும் வயதான பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து முதற் பந்தியில் இருப்பார்கள். இது எப்படி வந்த வழக்கம் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா ஒருநாளும் அந்தப் பந்தியில் இருந்ததில்லை.