கூடிக் கலைந்த மேகம்

“இவ்ளோ பெரிய ஃபைல் என்னய்யா இது?”

இயக்குநர் திரையில் விரலை வைத்து மேகக்காரரைக் கேட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவர் வேலைதான். செயற்கைக்கோள்கள் அனுப்பும் மேகப் படங்களை எல்லாம் ஆராய்ச்சி நிலையத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் ஒழுங்காக அடுக்கி வைப்பவர் அவர். ஆனால் இயக்குநர் விரல் வைத்த ஃபைலில் மேகம் இல்லை. மேகக்காரருடைய மகளின் கல்யாணம் இருந்தது.

மண்டபக் கூரையில் கேமராவை மாட்டி நாள் முழுக்க எடுத்த வீடியோ. “ஒரு நிமிஷம்கூட வெட்டக் கூடாது, சொல்லிட்டேன்” என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரோ மூச்சுத் திணறியது. அத்தனை பெரிய மெஷினில் ஒரு மூலையில் கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கொண்டுவந்து போட்டுவிட்டார். இப்போது மெஷினில் இடமே இல்லை என்று இயக்குநர் துறை துறையாகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“மேகம்தான் சார்.”

“இத்தனை பெரிய மேகமா?”

“நாள் பூரா கலையவே இல்ல சார்” என்றார் மேகக்காரர். வாய் தானாகப் பேசியது.

“அப்படியா! அப்போ உடனே ஆராய்ச்சிக்குப் போடுங்க.”

மாட்டிக்கொண்டார். அவசர அவசரமாக வீடியோவிலிருந்து சத்தத்தை எடுத்தார், நிறத்தை எடுத்தார், முகங்களை மங்கலாக்கினார். கடைசியில் சம்பந்தி வெறும் வெள்ளைப் புள்ளியானார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று திருப்தியானதும்தான் மெஷினிடம் ஒப்படைத்தார்.

மறுநாள் இயக்குநர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அற்புதம்யா! வடகிழக்கு மூலையைப் பாருங்க. திடீர்னு எல்லாம் அங்க போய்க் குவியுது. ரொம்ப நேரம் நகரவே மாட்டேங்குது!”

வடகிழக்கு மூலையில்தான் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு இருந்தது.

“இந்தச் சின்னப் புள்ளி இருக்கே, ஒரு இடத்துல நிக்காம எல்லாத்தையும் இடிச்சுக்கிட்டே சுத்துது. இது என்ன சக்தின்னு நினைக்கிறீங்க?”

அது மேகக்காரரின் மச்சினன். சக்தியாவது ஒன்றாவது, கல்யாணத்தில் ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

“கருவிக் கோளாறா இருக்கும் சார். இதைப் போய் நம்பிக்கிட்டு...”

“அதுவும் சரிதான். மெஷின்ல இருக்கிற மத்த எல்லாப் படத்தோடயும் ஒப்பிட்டுப் பார்த்துடுவோம். எது மத்ததோட ஒத்துப்போகலையோ, அது கோளாறு. தூக்கிப் போட்டுடலாம்.”

மேகக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணத்தோடு எது ஒத்துப்போகும்? மெஷின் அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் தானே போய் வேலையைக் கொடுத்தார். உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

முடிவு வந்தது. ஒத்துப்போனது! கடல் துறையின் படம் ஒத்துப்போனது. நிலநடுக்கத் துறையின் படம் ஒத்துப்போனது. நட்சத்திரத் துறையில்கூட அதே மாதிரி ஒரு மூலையில் குவிந்து, அதே மாதிரி ஆடி அசைந்து கலைந்தது.

“இது வெறும் மேகம் இல்லய்யா, இயற்கையோட பொது விதி!” என்று கூட்டத்தில் இயக்குநர் முழங்கினார். துறைத் தலைவர்கள் கைதட்டினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “அடுத்த வாரம் உலகத்துக்கே அறிவிக்கிறோம். முதல் பேரு உங்களோடதுதான்!”

மேகக்காரருக்குத் தலை சுற்றியது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், “நம்ம பொண்ணு கல்யாணமும் நட்சத்திரமும் ஒரே மாதிரி இருக்காம்” என்றார்.

“பின்னே? எவ்ளோ பார்த்துப் பார்த்து செஞ்சோம்!” என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் உட்கார்ந்து தன் மச்சினனை ஆராய்வதை நினைத்துப் பார்த்தார். நாளைக்கு உண்மை வெளியே வந்தால் வேலை போகும், மானம் போகும், சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது?

மறுநாள் அலுவலகம் திறந்ததும் நேராக மெஷின் அறைக்குப் போனார்.

“அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த ஃபைலை அழிச்சுடுங்க. இயக்குநர்கிட்ட நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். அது மேகமே இல்ல. என் பொண்ணு கல்யாண வீடியோ!”

அந்த அம்மா ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நிதானமாகத் திரும்பினார்.

“கடல் துறையில ஒத்துப்போனது அந்தத் துறைத் தலைவரோட பேரன் பொறந்தநாள் சார். நிலநடுக்கம் அந்தத் தலைவரோட தம்பி கல்யாணம், நட்சத்திரம் அந்தத் தலைவர் வீட்டு வளைகாப்பு. எதோடயும் ஒத்துப்போகாம இருந்தது ஒரே ஒரு ஃபைல்தான், அது நிஜ மேகம். கோளாறுன்னு இயக்குநர் நேத்தே அதை அழிக்கச் சொல்லிட்டாரு.”