தைம் செடி பட்டுப்போன விவரம்

ராயபுரம்,
14-5-1953.

அன்பு மகள் குணசுந்தரிக்கு உன் நைனா சுப்புராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மா நீலாவும் சுகம். ஊட்டிக் குளிரில் உன் சுகத்துக்கு எழுதவும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். ஹார்பரில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கை. பேனாவையும் மூட்டை மாதிரியே பிடிக்கிறது. 'ழ' போடும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உன் அம்மா சிரிக்கிறாள். ஆனாலும் இதில் ஒரு வரிகூட வேறு ஆள் எழுதவில்லை. எல்லாம் நானே.

விஷயம் நல்லதில்லை அம்மா. உன் துரைசாணி கோடைக்கு ஊட்டி கிளம்பி எண்ணூர் பங்களாவைப் பூட்டும்போது உன்னிடம் ஒப்படைத்து, நீ என்னிடம் ஒப்படைத்த தைம் செடி பட்டுப்போய்விட்டது. சீமைச் சமையலில் வாசனைக்குப் போடும் செடி, அவர் தாயார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. திரும்பி வரும்போது அது நன்றாக இருந்தால் உன்னை ஆயா வேலையிலிருந்து சமையலுக்கு மாற்றுவதாக அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

குற்றம் என்னுடையது. ஹார்பர் சங்கத்துக் கொட்டகையில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. செடியை வீட்டுக்குள்ளேயே வெயில் படும் ஜன்னலில் வை, கடல்காற்று ஆகாது, மண் காய்ந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் ஊற்று என்று நீ எழுதியிருந்ததை யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான நடைக்கு வந்து உரக்க ஒருமுறை படித்தேன். கேட்காதவர்களும் கேட்கட்டும் என்று மறுநாளும் படித்தேன். எட்டுக் குடித்தனமும் கேட்டது. செடி இருந்த ஜன்னலும் அந்த நடையைப் பார்த்த ஜன்னல்தானே. நான் ஞாயிறுதோறும் அரைக் குவளைதான் ஊற்றினேன். அப்படியும் மூன்றாம் வாரம், ஓமம் மாதிரி மணந்த செடியில் கருவாட்டு வாடை வந்தது. இலை கறுத்துத் தண்டு கொழகொழத்துப் போனது. நடையில் நின்று சத்தம் போட்டேன்.

முதலில் மளிகைக்கடை இசக்கியம்மாள் வந்தாள். "அண்ணாச்சி, நான் செவ்வாக்கிழமை மட்டுந்தான் கஞ்சித்தண்ணி ஊத்துதேன். வாரத்துக்கு ஒருக்கா. வேணும்னா எம்பிள்ளை மேல சத்தியம்."

டீக்கடை மதார் சாகிப், "வியாழக்கெழம என்னோடது பாய். டீத்தூள் அலசின தண்ணி. ரோசாவுக்கு ஊத்தினா எப்டிப் பூக்குது!" என்றார்.

கட்டுமரக்கார கஸ்பார் மார்பைத் தட்டினான். "இன்னா மாமு, நீதானே படிச்சே? வாரத்துக்கு ஒரு தபா. வெள்ளிக்கெழம நான் ஒரு தபாதான் ஊத்தினேன். அதுவும் சும்மா தண்ணியா? கடல்தண்ணில மீன் கழுவுனது!"

எல்லோரும் ஜன்னல் கம்பி வழியாக ஊற்றியிருக்கிறார்கள். ஒருவரும் உன் சொல்லைத் தட்டவில்லை. யாரைத் திட்டுவது?

"லெட்டர மனசுக்குள்ளயே படிச்சிருந்தா செடி பொழச்சிகினு இருக்கும் மாமு" என்றான் கஸ்பார்.

"மனசுக்குள்ள படிக்க இன்னும் சொல்லிக் குடுக்கலடா" என்றேன். அது உண்மை. ஆனாலும் வெட்கமாகப் போய்விட்டது.

ஆகையால் நீ மறைக்காமல் துரைசாணியிடம் சொல்லிவிடு. பழியை என் மேல் போடு. வயசான காலத்தில் படிப்பு வந்த கிழவன் செய்த தப்பு என்று சொல். அந்த அம்மாள் மனசு இரங்கினால் சரி. நீ தலைவலி இல்லாமல், சளி பிடிக்காமல், நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு இல்லாமல்,
நைனா சுப்புராயன்

பின்குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே வெயில் விழும் ஜன்னலில், கைப்பிடி உடைந்த கோப்பையில் மணலும் மண்ணும் போட்டு, விரல் உயரத்துக்கு அதே செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது! உன் அம்மாவின் வேலை. "வந்த அன்னிக்கே ஒரு கெளைய ஒடிச்சு நட்டுகினேன். உன்னாண்ட சொல்லிருந்தா அதையும் நடைல போய்ப் படிப்பியே" என்கிறாள். ஆகையால் துரைசாணியிடம் ஒன்றும் சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு என்கிறாள் அவள். நாலு நாள் உட்கார்ந்து எழுதியது. எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் புதுத் துளிரைப் பற்றி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒருவருக்கும் படித்துக் காட்டாமல் நேரே தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.