காலியாக இருந்த ஆகாயம்

ஆகாயத்துக்குப் பட்டா வைத்திருக்கும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேச்சில் செயற்கைக்கோள் என்ற சொல் எங்கே விழுந்தாலும், அது துக்க வீடாக இருந்தாலும் சரி, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையாக இருந்தாலும் சரி, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கூரையை நோக்கி உயர்த்தி, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆகாயம் யாருது?" என்று ஆரம்பிப்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பல்வலிக்காரர்களால் சொல்லவும் முடியாது. அந்த மௌனத்தைத் தமக்குக் கிடைத்த ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அவர் மேலே போவார். மிக மேலே.

இவரை ஆகாயப் பட்டாதாரர் என்று வைத்துக்கொள்வோம். இவருடைய சட்டஞானம் முழுவதும் கூரைக்கு மேலேதான் தொடங்கும். ஓர் உயரத்துக்குமேல் எந்த அரசாங்கமும் கிடையாது, செயற்கைக்கோள் வெளிநாட்டுக்காரனுடையது என்றால் உள்ளூர் விதி அதைத் தொடாது, சிக்னல் ஏற்றும் பெட்டியைக் கடையில் விற்கிறார்கள் என்றால் அதைப் போட்டுப் பார்க்கும் அனுமதியும் அதற்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது, அலைவரிசை என்பது வெறும் காற்று, காற்றுக்கு லைசென்ஸ் கேட்கிறவன் நாளைக்கு மூச்சுக்கும் கேட்பான் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார். கேட்கிறவர்களுக்கு ரத்தம் சூடாகும். யாருக்குத்தான் ஆகாயம் இலவசமாக வேண்டாம்?

எனக்குத் தெரிந்த பட்டாதாரர் ஒரு மின்விசிறிக் கடைக்காரர். ஆகாயத்தோடு அவருக்கு இருந்த தொழில் தொடர்பு, நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தே வியாபாரம் பேசியது ஒன்றுதான். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. கல்லாவில் அவர் மனைவி. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். கணவர் பேசும்போது கணக்குப் பார்ப்பார். அவர் பேசாதபோதுதான் தலையை நிமிர்த்தி, என்ன ஆயிற்று என்று பார்ப்பார்.

கடைக்காரருக்கு ஒரு தங்கை. அவளிடம் ஒரு வேன் இருந்தது. வேனின் தலையில் பெரிய டிஷ். பந்தயமோ பொதுக்கூட்டமோ வெள்ளமோ, எங்கே எது நடந்தாலும் அங்கே போய் நின்று, படத்தை அப்படியே செயற்கைக்கோளுக்கு ஏற்றி, தொலைக்காட்சி நிலையத்துக்கு நேரலையாகக் கொடுப்பது அவள் தொழில். உரிமம் வாங்கி நடத்துகிறாள். அந்த உரிமத்துக்காக அவள் ஏறி இறங்கிய கதையைக் கேட்டால், ஆகாயம் எவ்வளவு பெரியது என்பதும் அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை நாற்காலிகள் தேவைப்படுகின்றன என்பதும் விளங்கும். ஓர் அதிகாரி வேனுக்கு ஜன்னல் உண்டா என்று கேட்டாராம். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லையாம். ஆகவே அந்த அலுவலகத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உயரே ஒரே செயற்கைக்கோளைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அலைவரிசையில் இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நேரத்துக்கு என்று பேசி வைத்திருப்பார்கள். இருந்தாலும் யாரும் சட்டென்று படத்தை ஏற்றிவிடமாட்டார்கள். முதலில் செயற்கைக்கோளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட வேண்டும். அவர்கள் அந்த இடத்தைப் பார்த்து, "வாங்க" என்ற பிறகு மெல்ல ஏற வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற மரியாதைதான். இதைத் தங்கை தினமும் செய்வதைப் பார்த்த அண்ணன் மனம் வெதும்பினார். என் தங்கை எவனிடமோ ஆகாயத்துக்கு அனுமதி கேட்பதா?

புது வேன் வாங்கியபோது, தங்கை தன் பழைய, கையில் தூக்கிப் போகிற டிஷ்ஷையும் சிக்னல் ஏற்றும் பெட்டியையும் அண்ணன் கடைப் பரணில் போட்டு வைத்திருந்தாள். மின்சாரப் பகுதி பழுது. அவ்வளவுதான். பழுதான மின்சாரப் பகுதியை மின்விசிறிக் கடைப் பரணில் வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று அவள் யோசிக்கவில்லை.

அண்ணன் அதைச் சரிசெய்தார். அந்தக் கைவேலையைக் குறைசொல்ல முடியாது. தங்கை செய்வதைப் பார்த்திருந்ததால், மொட்டைமாடியில் டிஷ்ஷை நிறுத்தி, அதே திசை பார்த்துத் திருப்பவும் தெரிந்தது. பெட்டியில் ஒரு சின்னத் திரை. அதில் யாருடைய சிக்னல் இருக்கிறதோ அங்கே மேடு தெரியும், இல்லாத இடம் தட்டையாகக் கிடக்கும். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே நல்ல அகலமாக ஒரு தட்டை. பட்டாதாரர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? காலி மனை. தண்ணீர் வசதியோடு.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதுக்கு லைசென்ஸ் வேணாமா?

அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஊரில் மாடிக்கு மாடி டிஷ் இருக்கிறது, அவர்களெல்லாம் லைசென்ஸா வாங்கினார்கள் என்றார். அந்த டிஷ்கள் எல்லாம் சிக்னலை வாங்குகிற காது. இது அனுப்புகிற வாய். காதுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, மேடையேறிக் கத்துகிற வாய்க்குத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தை அவரிடம் சொல்வதற்கு முதலில் அவருடைய வாய் ஓய வேண்டும். அது ஓயவில்லை. அடுத்ததாக, யாரும் புழங்காத இடத்தில் நாம் போனால் யாருக்கு நஷ்டம் என்றார். கடைசியாக எடுத்து விட்டதுதான் பிரம்மாஸ்திரம்.

"அதான் தங்கச்சிக்கு லைசென்ஸ் இருக்கே. நாம என்ன வேத்து ஆளா? ஒரே குடும்பம்."

அலைவரிசை உரிமத்தைக் குடும்பச் சொத்தாக்கிய முதல் மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். அந்த அம்மாள் கணக்குக்குத் திரும்பிவிட்டார்.

எதை ஏற்றுவது? கடையில் புதிதாக வந்த மின்விசிறியைத்தான். அதன் எதிரே கேமராவை வைத்தார். செயற்கைக்கோளுக்கு ஏற்றிவிட்டால் ஊரிலுள்ள எல்லா டி.வி.யிலும் தானாக வந்துவிடும் என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. விளம்பரச் செலவே இல்லை.

அன்று தங்கைக்குப் பெரிய நாள். கால்பந்து இறுதி ஆட்டம். ஒரு பெரிய தொலைக்காட்சி நிலையம் முதல்முறையாக அவளை நம்பிக் கூப்பிட்டிருந்தது. இதைச் சுத்தமாகச் செய்து கொடுத்தால் இனி எல்லா ஆட்டமும் அவளுக்கே. சொதப்பினால் அந்த வாசற்படியை மறந்துவிட வேண்டியதுதான். மைதானத்துக்கு வெளியே வேனை நிறுத்தி, கேபிள் இழுத்து, எல்லாம் தயார் செய்துவிட்டு, வழக்கப்படி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். பின்னாளில் அவளே நடித்துக் காட்டியதால் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"மேடம், உங்க இடத்துல ஏற்கெனவே ஒரு சிக்னல் நிக்குதே. நீங்கதானா?"

"நான் இன்னும் ஏறவே இல்லையே சார்."

"அப்ப வேற யாரோ ஏறியிருக்காங்க. அவங்க இறங்காம உங்கள விட முடியாது. இருங்க, என்ன வருதுன்னு பாக்குறேன்." பட்டன்களைத் தட்டும் சத்தம். "ஒரு ஃபேன் சுத்துதுங்க."

"என்னது?"

"சீலிங் ஃபேன். பக்கத்துல தள்ளுபடின்னு அட்டை தொங்குது. இப்ப ஒருத்தர் அதை நிறுத்திட்டு, ஸ்டூல் போட்டு ஏறி இறக்கையைத் துடைக்கிறாரு."

"முன்தலை வழுக்கையா சார்?"

"ஆமா. தெரிஞ்சவரா?"

"கூடப் பொறந்தவரு."

உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தக் காலி மனை, தங்கைக்காகவே காலியாக வைக்கப்பட்டிருந்த மனை. வழக்கமாக அவள் எடுக்கிற இடம்தான் பழைய பெட்டிக்கும் பழக்கம். அவள் இன்னும் வரவில்லை, அதனால் காலியாக இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர் வீடும் காலியாகத்தான் இருக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நேரலையின்போது யாராவது போன் எடுப்பார்களா? மைதானத்தில் விசில் ஊதிவிட்டார்கள். காதில் மாட்டியிருந்த கருவியில் நிலையத்துக்காரர் படம் எங்கே, படம் எங்கே என்று அரித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் என்ன பண்றாரு?"

"உலகத்துக்கு ஃபேன் காட்டிட்டு இருக்காரு."

"ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குங்க."

"எந்தப் பிளக்கு?"

"எல்லாத்தையும்."

"கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான்மா காத்துட்டு இருந்தேன்" என்றார் அண்ணி.

பிடுங்கினார். ஆகாயம் சுத்தமானது. "வாங்க" என்றார்கள். ஆனால் அதற்குள் மைதானத்தில் ஒரு கோல் விழுந்துவிட்டது. அன்றைய ஆட்டத்தின் ஒரே கோல். மைதானத்துக்குப் போனவர்கள் பார்த்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற வாசகத்தைப் பார்த்தார்கள். அதன் பிறகு தங்கை ஏற்றிய படம் கண்ணாடி மாதிரி இருந்தது. யாருக்கு வேண்டும்? அடுத்த ஆட்டம் வேறு வேனுக்குப் போனது.

அது போதாதென்று, பழைய பெட்டி அவள் பெயரில் பதிவானது என்பதால், அவளுடைய உரிமத்துக்கே உலை வைக்கிற நிலை வந்தது. உரிமம் கொடுத்த அலுவலகத்திலிருந்து கடையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தங்கை ஒரு மூலையில் உரிமக் காகிதத்தோடு நின்றாள். பட்டாதாரருக்கோ பரமானந்தம். இத்தனை காலம் பல்வலிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை நேரில் ஓர் அரசாங்கத்திடமே கேட்கும் பாக்கியம். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். விரலை உயர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். ஆகாயம் யாருது?"

அதிகாரி சுவரைக் காட்டினார். "அது எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பிளக் பாயின்ட் யாருது?"

"இது என்னுது."

"எனக்கு அது போதும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் யாருடையதாக இருந்தால் என்ன, கத்துகிறவன் நிற்கும் மொட்டைமாடி கீழேதான் இருக்கிறது. தங்கைக்கு எச்சரிக்கையோடு உரிமம் பிழைத்தது. நிலையத்தின் வாசற்படியைத் திரும்ப மிதிக்க அவள் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. ஒருவழியாக மிதித்தாள்.

பட்டாதாரர் திருந்தினாரா? நல்ல கேள்வி. இப்போது அவர் கூட்டத்தின் நடுவே சொல்வதெல்லாம், அன்றைக்குச் செயற்கைக்கோள் வரைக்கும் போன ஒரே மின்விசிறி தன் கடை மின்விசிறிதான் என்பதும், அது அவ்வளவு நன்றாக வேலை செய்ததால்தான் பயந்துபோய் ஆள் அனுப்பினார்கள் என்பதும்தான். தங்கை தவறவிட்ட கோலைப் பற்றிக் கேட்டால், "அவ கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்" என்பார்.

தங்கையின் வேலைமுறையில் மட்டும் ஒரு படி கூடியிருக்கிறது. எங்கே வேனை நிறுத்தினாலும், கட்டுப்பாட்டு அறைக்கு முன்பாக அண்ணிக்கு ஒரு போன். "அண்ணன் கீழதானே இருக்காரு?" கீழே என்று பதில் வந்த பிறகுதான் ஆகாயத்தின் கதவைத் தட்டுவாள்.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். இருந்தாலும், அந்தத் தட்டையான இடத்தைப் படித்தபோது, 'காலியாகத்தானே இருந்தது, பாவம்' என்று ஒரு கணம் மனதுக்குள் வந்துபோனதா? பக்கத்து வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லாதது அவர்களுடைய பெருந்தன்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுண்டா? உங்கள் மனைவியின் உறுப்பினர் அட்டையை நீட்டி, ஒரே குடும்பம்தானே என்று சிரித்ததுண்டா? அப்படியென்றால் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். பேசாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், பிளக்கின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி, யாரிடமிருந்தாவது ஒரு போன் வராதா என்று காத்திருக்கிறார்.