நாற்பத்தேழு பிழைகளும் இரண்டாம் பாகமும்

அன்பு மருமகனுக்கு,

உன் அம்மாவுக்குத் தம்பியும், முப்பத்தொரு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊரார் புகாரையெல்லாம் எழுதி ஓய்ந்தவனும், உனக்கு இருக்கிற ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. முழங்கால் நீங்கலாக நீயும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. உன் அம்மா நேற்றுப் போன் செய்து ஒரே அழுகை. இரண்டாம் பாகம் ஓடவில்லை என்று நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம், போனை அணைத்துவிட்டாயாம், இனிமேல் படமே எடுக்கப்போவதில்லை, சிநேகிதனுடைய டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்கிறாயாம். டைல்ஸ் கடையை நான் குறைசொல்லவில்லை, நம் குளியலறைக்கே அங்கேதான் வாங்கினோம், இன்றுவரை ஒரு கல்கூடப் பெயரவில்லை. ஆனால் மாப்பிள்ளை, படம் படுத்ததற்குக் குற்றவாளி நீ இல்லை. நான். இதை ஒப்புதல் வாக்குமூலமாகவே வைத்துக்கொள். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை, முழு சுயநினைவோடு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பவம் மூன்று வருடத்துக்கு முந்தையது. உன் முதல் பாகம் வந்தது, ஊரே கொண்டாடியது, பக்கத்து வீட்டு பல் டாக்டர் நோயாளியின் வாயைத் திறந்துவைத்துவிட்டு உன் கதையைச் சொன்னார். நான் என்ன செய்தேன்? நோட்டும் பேனாவுமாகத் தியேட்டருக்குப் போய், இருட்டில் தடவித் தடவி, நாற்பத்தேழு பிழைகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஆறு குண்டு போடுகிற துப்பாக்கியில் உன் கதாநாயகன் பதினான்கு தடவை சுட்டான், எண்ணினேன். கொலை செய்த கத்தியை வெறும் கையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள் ஆன கான்ஸ்டபிள்கூட அதைச் செய்ய மாட்டான். இடைவேளைக்கு முன் தோளில் இரண்டு நட்சத்திரம், பின் மூன்று, பதவி உயர்வு உத்தரவு எப்போது வந்தது என்று எங்கேயும் இல்லை. இதெல்லாம் போகட்டும். நாற்பத்தேழாவது பிழைதான் எனக்கு வலித்தது. உன் படத்து ஸ்டேஷன் ரைட்டர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவன் வாய்க்குள் ஈ போய்விட்டு வந்தது. தியேட்டரே சிரித்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் பணி நேரத்தில் தூங்கியது இரண்டே தடவை, இரண்டு தடவையும் உட்கார்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு.

ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து ஒன்பது பக்கம் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லி உன் அத்தையிடம் கொடுத்தேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுத்துக்கு எழுத்தில் பதில் வராமல் நான் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும், அது தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி. அதனால் நானும் போன் செய்யவில்லை, நீயும் வரவில்லை, என் பணி ஓய்வு நாளுக்குப் பூச்செண்டு வந்தது, நீ வரவில்லை. மாப்பிள்ளை கோபத்தில் இருக்கிறான், ஆறட்டும் என்று இருந்தேன். மூன்று வருடமா ஆறும்?

போன வாரம் இரண்டாம் பாகத்துக்குக் காலைக்காட்சி போனேன். பத்தாவது நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. கதாநாயகன் கையுறை போட்டுக்கொண்டு கத்தியை எடுக்கிறான்! பையில் போட்டு, மெழுகு முத்திரை வைத்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறான், அதில் ஒருவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைரேகை வைக்க, அதற்கு மை தேடுகிறார்கள். வில்லன் தப்பி ஓடுகிறான் என்று தகவல் வந்ததும் உன் ஆள் பாய்ந்துவிடவில்லை, ஜீப்பின் மீட்டர் கணக்கைக் குறித்து, போகிற இடம், காரணம், நேரம் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, அதன் பிறகே ஏறினான். நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் சீட்டோடு சாய்ந்துவிட்டார்கள். முதல் பாகத்தில் பதினான்கு குண்டு வெடித்தபோது கூரை பிய்ந்துபோகிற மாதிரி விசில். இதில் படம் முழுக்க ஒரே ஒரு குண்டு, அந்த ஒரு குண்டை ஏன் சுட்டாய் என்று மேலதிகாரி இருபது நிமிடம் விசாரிக்கிறார். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தவர் என்னைத் தொட்டு, "சார், இவரு அடுத்து எப்ப சுடுவாரு?" என்றார்.

"இனிமே சுட முடியாதுங்க. துப்பாக்கியை ஒப்படைச்சிட்டாரு. விசாரணை முடியணும்."

"நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்களா?"

"இல்லைங்க. நடைமுறை."

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இடைவேளைக்கு முன்னால் இருபத்திரண்டு பேர், பின்னால் ஒன்பது பேர், அதில் ஒருவர் குறட்டை. தலையை எண்ணுவதும் பழைய வியாதிதான். வெளியே வரும்போது இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், "முதல் பாகம் எடுத்தவனா இதை எடுத்தான்? யாரோ உள்ள புகுந்து கெடுத்திருக்காங்கடா" என்று பேசிக்கொண்டு போனார்கள். அந்த யாரோவாகிய நான் அவர்களுக்குப் பின்னால்தான் படி இறங்கிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன நாற்பத்தேழையும் ஒன்று விடாமல் திருத்தியிருக்கிறாய். திருத்தித் திருத்திப் படத்தைக் கொன்றது என் ஒன்பது பக்கம்தான் என்று எனக்கு அப்போதே உறைத்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் இவ்வளவும். ஒரு காட்சி வந்ததே. மகளைக் காணோம் என்று ஒரு தாய் புகார் கொடுக்க வருகிறாள். ரைட்டர் வயது கேட்கிறார், உயரம் கேட்கிறார், அவள் கடகடவென்று சொல்கிறாள். "என்ன உடுத்தியிருந்தா?" என்று கேட்டதும் அவளுக்கு வார்த்தை வரவில்லை. காலையில் மகள் போகும்போது தாய் திரும்பிப் பார்க்கவில்லை. ரைட்டர் மறு கேள்வி கேட்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் காட்டினாய்? ஒரு நிமிடம் இருக்குமா? குறட்டை விட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் மாப்பிள்ளை. அந்த ரைட்டர் நான். என்றைக்கோ ஒரு ராத்திரி சாப்பிடும்போது, எவரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் சொன்ன விஷயம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நோட்டில் எதுவும் எழுதவில்லை.

முதல் பாகம் ஓடியது, சரி. அதில் செத்தவன் யாரென்று இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கே இல்லை. இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண்ணைப் படம் முழுக்கக் காட்டவே இல்லை, ஆனால் ஒரு வாரமாக என் வீட்டுக்குள் நடமாடுகிறாள். முதல் பாகத்துக்குக் கால் இருந்தது, இரண்டாவதற்கு நெஞ்சு இருக்கிறது. மூன்றாவதில் இரண்டையும் ஒன்றாக வை, போதும். ஜீப் பறக்கட்டும், மீட்டரை யாரும் பார்க்க வேண்டாம். பதினான்கு என்ன, இருபது தடவை சுடட்டும், நான் எண்ண மாட்டேன். அந்தத் தாய் வந்து உட்காருகிற இடத்தில் மட்டும் யாரையும் அவசரப்படுத்தாதே. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரிந்தவன் டைல்ஸ் ஒட்டப் போகக் கூடாது. என் ஒன்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கதவைத் திற.

உன் அம்மாவை அழவைக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு படம் எடுத்து, நூறையும் நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கும்படி நமக்கு ஆயுள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ள வாக்குமூலம் செல்லாது. கடிதத்தை முடித்து உன் அத்தையிடம் உறை கேட்டேன். அவள் தையல் மிஷின் டிராயரைத் திறந்தாள், உறையை எடுக்காமல் அப்படியே நின்றாள். எட்டிப் பார்த்தேன். என் பழைய ஒன்பது பக்கமும் ஒட்டிய உறையோடு, ஸ்டாம்போடு கிடக்கிறது.

"முதல் படம் எடுத்துட்டுப் புள்ள அவ்வளவு சந்தோஷமா இருந்தான். அந்த நேரத்துல போயி நாப்பத்தேழு குத்தம். எனக்கு மனசு வரலை" என்கிறாள்.

"அப்ப அவன் ஏன்டீ எங்கூட மூணு வருஷம் பேசலை?"

"எங்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருந்தான். மாமா படம் பாத்தாரா, ஏதாச்சும் சொன்னாரான்னு கேப்பான். நான் லெட்டரை ஒளிச்சு வெச்சுட்டு என்னன்னு சொல்றது? இன்னும் பாக்கலைப்பான்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியலை. 'சரி அத்தை, மாமா உக்காந்து பாக்குற மாதிரி ஒண்ணு எடுக்கிறேன்'னான்."

மூன்று வருடம் குற்றவாளியோடு ஒரே கூரைக்குக் கீழ் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், மோப்பம் பிடிக்கவில்லை. அந்த நாற்பத்தேழையும் யாரும் சொல்லாமல் நீயே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாய். எனக்காகத் திருத்தியிருக்கிறாய். நானோ, நீ கோபத்தில் இருக்கிறாய் என்று இங்கே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தை இனி எவர் கையிலும் கொடுப்பதாக இல்லை, நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ஆனாலும் பஸ் வந்து சேரும்வரை பொறுக்க மாட்டேன், இப்போதே எழுதிவைக்கிறேன். முதல் படத்தைப் பார்த்தேன்டா. ஐந்து தடவை பார்த்தேன். நாலு தடவை பிழை எழுதப் போனேன். ஐந்தாவது தடவை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.