என் தலையில் ஹிஸ்டமின் இருக்கிறது என்ற மாப்பிள்ளை

ஓசாகாவில் சீரும் சிறப்புமாக வாழும் அக்கா ஃபுமியே அவர்களுக்கு, தோசாக் கரையிலிருந்து தம்பி தொகுஸோ வணங்கி எழுதுவது. இங்கே செர்ரிப்பூ உதிர்ந்து முதல் சூரை மீனும் வந்துவிட்டது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், என் தலையைத் தவிர.

என் மகள் நாகிசாவுக்கு நீ பார்த்து அனுப்பிய சோஹேய் வேண்டாம் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். மூளை ஆராய்ச்சி செய்கிற பையன், தங்கமான குணம் என்றாய். அந்தத் தங்கம் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது படகில்கூட இல்லை, பஸ்ஸில். இறங்கினதும் வாந்தி. பெண் பார்க்க வந்தவன் முதலில் பார்த்தது சாக்கடையை. சரி போகட்டும் என்று உட்காரவைத்து, வைக்கோல் தீயில் வாட்டிய சூரையைப் பூண்டோடு பரிமாறி, என்ன ஆராய்ச்சி தம்பி என்று கேட்டேன். "ஹிஸ்டமின், மாமா. எல்லார் மூளையிலயும் இருக்கு. உங்க மூளையிலயும் இருக்கு" என்றான்.

அக்கா, நீயும் மீன்காரன் மகள்தானே, உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்து கெட்ட சூரையில்தான் ஹிஸ்டமின் ஏறும், தின்றவன் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும், சோதனைக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிடித்ததையெல்லாம் கொட்டவேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் என் மீனைப் பார்த்து ஒருத்தன் அப்படிச் சொன்னதில்லை, இவன் என் வீட்டில் உட்கார்ந்து என் மீனைத் தின்றுகொண்டே என் தலையைச் சொல்கிறான். "என் தலை என்ன அழுகின சூரையாடா?" என்று கத்திவிட்டேன். நாகிசா என் தொடையைக் கிள்ளினாள். அவனோ வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கிவிட்டு, "அதே சரக்குதான் மாமா. கெட்ட மீன்ல இருந்தா விஷம். மூளையில இருந்தா அதுதான் உங்களை விடியக்காலம் எழுப்பி விடுது" என்றான்.

மூளையின் அடியில் துளியூண்டு கொத்தாக நரம்பணுக்கள் இருக்கின்றனவாம். அதிலிருந்து நூல்கள் கிளம்பி மூளை முழுக்கப் பாய்கின்றனவாம், நம் ஆயிரங்கால் தூண்டில் மாதிரி, ஒரே தாய்க்கயிறு, அதில் கிளை கிளையாக. இந்தக் கயிறு மட்டுமில்லை, இதற்குப் பங்காளிகள் உண்டு. திடுக்கிட்டால் இழுபடுவது நார்அட்ரினலின் கயிறு, ஆசை வந்தால் டோபமின் கயிறு, மனசு நிலைகொள்ள செரோடோனின் கயிறு. நாம் நிமிர்ந்திருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று உள்காது சொல்லும் சேதி போய்ச் சேருகிற இடத்திலும் இந்தக் கயிறுகள் வந்து விழுகின்றன. காது 'ஆடுது' என்கிறது, கண் 'ஆடலையே' என்கிறது, நடுவில் ஹிஸ்டமின் பதறிப்போய் வயிற்றைப் புரட்டுகிறது. வாந்தி மாத்திரை அதன் வாயைக் கட்டுகிறது, கட்டினால் விழிப்பும் கூடவே போய்த் தூக்கம் தள்ளுகிறது. கேட்கக் கேட்க என் கோப்பையில் சூடாக ஊற்றிய சாக்கே மது ஆறிப்போனது. இத்தனை மெல்லிய கயிறுகளை ஒன்றோடொன்று சிக்காமல் போட்டிருக்கிறானே படைத்தவன், அவன் எப்பேர்ப்பட்ட மீனவனாக இருக்கவேண்டும்! "இவ்வளவு தெரிஞ்சவன் பஸ்ல ஏன்டா வாந்தி எடுத்தே?" என்றேன். "அலை எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்காக உங்க படகு ஆடாம இருக்கா?" என்றான். அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு சூரையை எடுத்து வைத்தேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். பனிக்காலத்திலிருந்து இடப்பக்கம் திரும்பினால் எனக்குத் தலை சுற்றுகிறது. பக்கத்து ஊரில் போய், மகளுக்கு என்று பொய் சொல்லி, அதே வாந்தி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கி வழிந்தேன். சோஹேய் வந்த மறுநாளோ என் புதுப்படகை நீரில் இறக்குகிற நாள். படகுத் தலைவனான நான் சுக்கான் பிடித்துத் துறைமுகத்தை மூன்று முறை சுற்றவேண்டும், அதுவும் இடப்பக்கமாக. தலைவன் தடுமாறினால் அந்தப் படகில் எவன் ஏறுவான்? நான் கும்பிடாத சாமியில்லை. அப்போது பார்த்து சோஹேய் ஒரு வாளியோடு படகில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றான். மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "போட்டா தூங்கிடுவேன் மாமா, இன்னைக்கு முழிச்சிருக்கணும்" என்றான். இரண்டாம் சுற்றில் கடல் தலைக்கு மேலே போய்விட்டது அக்கா. ஒரு கை என் இடுப்புவாரை இறுகப் பிடித்தது. "தலையைத் திருப்பாதீங்க. அந்த மலை உச்சியையே பாருங்க. நேத்து சாப்பிடும்போதே உங்க கண்ணு துடிச்சதைப் பார்த்தேன்." இன்னொரு கையில் வாளி. என் காதில் இதைச் சொல்வான், உடனே வாளிக்குள் குனிவான், மறுபடி சொல்வான். கரையில் ஊரே அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் சுற்றும் முடிந்தது. வழக்கப்படி மோச்சி என்ற அரிசி உருண்டைகளைக் கூட்டத்தில் வீசும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பக்கக் காது அசந்துபோச்சு மாமா. டாக்டரைப் பாருங்க. மாத்திரையை விடுங்க. படுத்துக் கிடக்காம நடங்க, தலையைத் திருப்புங்க, மூளை தானே கத்துக்கும். அதுவரை சுக்கானை வேற ஆள்கிட்ட கொடுங்க" என்றான். கடைசிப் பேச்சு மட்டும் நடக்காது. மற்றபடி இப்படி ஒரு பிள்ளை எனக்குப் பிறக்கவில்லையே என்று ஏங்குகிறேன். வேண்டாம் என்று எழுத வந்தவன் சொல்கிறேன், நல்ல நாள் பார். தலைசுற்றல் விஷயம் உன்னோடு போகட்டும், ஊருக்கு அவன் வாந்தி மாப்பிள்ளையாகவே இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. கடல் உங்கள் எல்லோருக்கும் அமைதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி தொகுஸோ

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். மீன் கொட்டகையில் அவனை எல்லோரும் 'வாளி மாப்பிள்ளை' என்று கிண்டலடித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. "தலை சுத்தினது எனக்குடா!" என்று போட்டு உடைத்துவிட்டேன். என் எஞ்சின்காரன் இவாவோ மீன் அறுப்பதை நிறுத்தாமலே, "பனிக்காலத்துலேர்ந்தே தெரியும் தலைவரே. அதான் அந்தத் தம்பியை உங்க பக்கத்துல நிக்கச் சொன்னோம். ஒரு வாளி கொடுத்தா நிக்கறேன்னான்" என்றான். இந்தப் பருவம் முழுக்கச் சுக்கான் இவாவோ கையில். நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறேன், நாய்கள் குரைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சோஹேய் வருகிறான். தன்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நாகிசா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.