காதில் போட்டு வைப்பவர்

காதில் போட்டு வைப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. எங்கே என்று தேடாதீர்கள். நீங்கள் பால் வாங்கித் திரும்புவதற்குள் அதுவே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் பார்க்கும், அந்தப் பக்கம் பார்க்கும், வாய்க்குக் கையால் மறைப்புக் கட்டும், குரலைத் தரைக்கு இறக்கும், அப்புறம், "நமக்கெதுக்கு ஊர் வம்பு? சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்..." என்று ஆரம்பிக்கும். போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பாரம் இறங்கியது. உங்கள் காது என்ன, குப்பைத் தொட்டியா?

கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் கஷ்டம் கேட்டால் நாக்கு தேயத் தேய "த்சொ" கொட்டுவார்கள். நாக்குதான் தேயும். செருப்பு தேயாது.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வைத்த பெயர், காது மாமா. அவருக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் ஒரு தாயும் சின்ன மகளும். தாய்க்குச் சலவை ஆலையில் வேலை. விட்டுப்போக ஆளில்லாமல் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். வெந்து நொந்து திரும்பும்போது வீடு கலைந்து கிடந்தால் பிள்ளையின் முதுகில் நாலு வைப்பாள். அழுகை கீழ்வீடு வரை கேட்கும்.

காது மாமா சும்மா இருந்தாரா? அபாண்டம் பேசாதீர்கள். மருந்துக்கடைக்காரர் காதில் போட்டார். மருந்துக்கடைக்காரர் எங்கள் கட்டிடக் காவல்காரர் காதில் போட்டார். காவல்காரர் யோசித்து யோசித்து, பொறுப்பான மனிதர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, காது மாமாவின் கதவைத் தட்டினார்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மூணாவது மாடியில ஒரு குழந்தை..."

"அடப் பாவமே!" என்றார் காது மாமா. "இத்தனை பேர் இருக்கோம், யாராவது போய்க் கேக்கக் கூடாதா?"

ஒரே ஒரு காது மட்டும் பாக்கி. முதல் மாடி தையல்கார அக்காவுக்குக் காலை முதல் மாலை வரை மெஷின் கடகடவென்று ஓடும். அவளிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்துகிற விஷயமா இது?

ஒருநாள் காது மாமா வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கு வந்தார். தொப்பென்று ஒரு பழைய செருப்பு அவர் தோளில் விழுந்தது. மேலே ஜன்னல் கம்பிக்குள் ஒரு சின்னக் கை.

மூட்டுவலிக்காரர் அவர். குழந்தை அழுதபோது ஒரு படி ஏற முடியாத அந்தக் கால்கள், செருப்பு விழுந்ததும் மூன்று மாடியைப் பறந்து கடந்தன. "யாருடி அது? என்ன திமிரு!" என்று படிக்கட்டே அதிர்ந்தது. மெஷின் நின்றது.

தையல்கார அக்கா மேலே வந்தபோது, பூட்டிய கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

"ஏன்டா கண்ணு செருப்பை எறிஞ்சே?"

"தண்ணி தீந்து போச்சு அத்தை. கீழ்வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். நிமிர்ந்து பாத்துட்டு உள்ள போயிட்டாரு."

அக்கா காது மாமாவைப் பார்த்தாள். அவர் தன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

ஜன்னல் வழியே தண்ணீர் கொடுத்துவிட்டு, முதுகில் விழும் அடி வரை பிள்ளை சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தாய் வரும்வரை அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவள் முதலில் சண்டைக்கு நின்றாள். "யார்கிட்ட விட்டுட்டுப் போறது அக்கா? இந்தக் கட்டிடத்துல ஒருத்தராவது என்கிட்ட பேசியிருக்கீங்களா?" என்றாள்.

"இன்னைக்குப் பேசிட்டேன்ல. காலையில பிள்ளையை என் மெஷின் பக்கத்துல உக்கார வச்சுட்டுப் போ. கை வலிச்சா வந்து சொல்லு, சோறு நான் வடிக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே இது மேல கை வச்சே, போலீசுக்குப் போவேன். உன் முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன்."

இப்போது அந்தப் பிள்ளை பகலெல்லாம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவுக்குச் சமமாகக் கத்திப் பேசுகிறது. காது மாமா? "நான் மட்டும் அன்னைக்கு மேல ஏறலைன்னா..." என்று பால்கடையில் ஒவ்வொரு காதாகப் போட்டு வருகிறார்.

இதைக் கேட்டதும் உங்களுக்கும் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். "இதை அவர் காதில் போட வேண்டும்" என்று கை பரபரக்கிறது, இல்லையா?

போடுங்கள், போடுங்கள். போகிற வழியில் உங்கள் வீட்டுக்கு மேல் ஜன்னலை மட்டும் ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். செருப்பு வந்தாலும் வரும்.