பதினோராம் எண்ணின் உள்ளங்கை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மகளும் குழந்தையும் நலம். ஃபோன் செய்யத் தைரியம் இல்லாததால் இந்தக் கடிதம்.

"அவர் என்னைத் தொடக்கூட மாட்டேங்கறார்ப்பா" என்று உங்கள் மகள் அழுததாகவும், நீங்கள் அடுத்த வாரம் நேரில் வந்து என்னை விசாரிக்கப் போவதாகவும் மைத்துனர் சொன்னார். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் தோல் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்திரண்டு பேரின் தோலைப் பஞ்சுக்குச்சியால் தடவி, அதில் வாழும் நுண்ணுயிர்களைக் கணக்கெடுத்தார்கள். அதைக் கணினியில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு டேஷ்போர்டு, அதாவது படப் பக்கம், செய்வது என் பொறுப்பு. திரையில் ஒரு மனித உருவம் நிற்கும்; நெற்றியையோ அக்குளையோ தொட்டால், அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு வகைக் கிருமிக்கும், அதன் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில், ஒரு வட்டம் எழும்பும். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். பதினொன்று நான். சரியாக ஓடுகிறதா பார்ப்போமே என்று பதினொன்றின் உள்ளங்கையைத் தொட்டேன் மாமா, ஒரு சிவப்பு வட்டம் கிளம்பி, கையை மூடி, வயிற்றை மூடி, தலையையும் விழுங்கிவிட்டது. அந்தக் கிருமியின் பெயர் ரயில் நீளம். படித்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கையுறை, தனித் தட்டு, தனித் துண்டு, ஹாலில் படுக்கை. குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தால் நாற்காலிக்குப் பின்னால் ஓடுவேன். அது விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கும். உங்கள் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. கேட்டபோதெல்லாம் வேலை அதிகம் என்று மழுப்பினேன். ஒன்பதாம் நாள், நாலாம் எண்ணான எங்கள் கூடத்து டிரைவர் அண்ணன் என் மேஜைக்கு வந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து பேத்தியைத் தூக்குவதையே விட்டுவிட்டதாக மெல்லச் சொன்னார். அதற்குமேல் தாங்காமல் தலைமை டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் திரையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது எல்லார் தோல்லயும் இருக்கறதுதான். பத்து மடங்கு இருந்தா வட்டத்தோட பரப்பு பத்து மடங்கு ஆகணும். நீங்க ஆரத்தைப் பத்து மடங்காக்கி வச்சிருக்கீங்க. அதான் நூறு மடங்காத் தெரியுது."

நான் எழுதிய ஒரே ஒரு வரி, மாமா. திருத்த இரண்டு நிமிடம் ஆனது. மற்ற முப்பத்தொரு பேரையும் தேடிப் போய்த் தலைகுனிந்து சொல்ல இரண்டு நாள் ஆனது. டிரைவர் அண்ணன் திட்டவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். நானும் வீட்டுக்கு வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் மகள் அந்தக் கையுறையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"எனக்கு ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள்.

ஆக, மன்னித்துவிட்டாள். எல்லாம் சுமுகமாகிவிட்டது. நீங்கள் அந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறி அலைய வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம், மைத்துனருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் ஆசி அவசரமாகத் தேவைப்படும் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மகள் படித்துவிட்டாள். 'மன்னித்துவிட்டாள்' என்பதை நான் அடித்துவிட வேண்டுமாம். அவள் அப்படிச் சொல்லவே இல்லையாம். நீங்கள் கட்டாயம் வர வேண்டுமாம், வந்து பத்து நாளாவது தங்க வேண்டுமாம். இதையெல்லாம் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னாள். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? சீக்கிரம் வாருங்கள் மாமா, பயமாக இருக்கிறது.